இடக்கைக்காரிக்கு ஒரு செட்

கரையான்சாவடி மெயின் ரோட்டில், கீழே கிரிக்கெட் மட்டையும் கேரம் போர்டும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் ஒரு கோல்ஃப் பிரிவு இருக்கிறது. அந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்கு அது தெரியாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் இந்த வழியாகத்தானே போகிறார்கள் என்று முதலாளி தமிழ்வாணன் துணிந்து ஆரம்பித்தது அது. வெளிநாட்டுக்காரர்கள் அவ்வளவாக வரவில்லை. அவர்களோடு ஞாயிற்றுக்கிழமை ஆடியாக வேண்டிய நம்மூர் மேனேஜர்கள் வந்தார்கள். எந்த முனையைப் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் வந்து நிற்கும் அவர்களைக் கவனிப்பதுதான் சுவேதாவின் வேலை.

சுவேதா அம்பத்தூர்ப் பெண். இருபத்தொன்பது வயது. அப்பா கன்னியப்பன், பக்கத்து ஊரான பாடியில் லேத் மெஷினில் இருபத்தைந்து வருடம் நின்றவர். அவள் இந்தக் கடைக்கு பில் போட வந்து, நாலு வருடத்தில் மேல்மாடியைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். நிஜமான கோல்ஃப் மைதானத்தில் அவள் கால் வைத்ததில்லை. ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பது அவளுக்கு அத்துப்படி. கிளப் என்கிற கோல்ஃப் மட்டை பதினாலும் வேண்டும் என்று வருகிறவரிடம், "ஏழாம் நம்பர் ஐயன்னு இரும்பு மட்டை ஒண்ணு, மணல்லேர்ந்து எடுக்க ஒரு வெட்ஜ், தூரமா அடிக்க ஒரு ஹைபிரிட், உருட்டுறதுக்கு ஒரு பட்டர். இது போதும் சார். மீதியை ஆறு மாசம் கழிச்சு வாங்குங்க" என்பாள். பெரிய தோல் பையின் மேல் ஆசைப்படுகிறவரின் தோளில் அதை ஒரு நிமிடம் மாட்டிவிட்டு, அவராகவே இறக்கி வைத்த பிறகு, கால் வைத்த இலேசான பையைக் காட்டுவாள். அதனாலேயே அவளைக் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள்.

ஜூலை மாதத்தில் ஒரு புதன்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். அறுபது வயதுக்காரர் ஒருவர் மாடி ஏறி வந்தார். வெள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு. வெயிலிலேயே கிடந்து கறுத்துப்போன கழுத்து.

"கொழந்தைங்களுக்கு கோல்ப் மட்ட கீதா மா?"

"இருக்கு சார். என்ன வயசு? கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"வரல. அளவு கொண்ணாந்துகீறேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். அதில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. ஒரு முனையைத் தரையில் வைத்து, செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு, மேலே இழுத்துப் பிடித்தார்.

"இது தலை. இது கையைத் தொங்க வுட்டா மணிக்கட்டு வர்ற எடம்."

சுவேதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. தரையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்துதான் கிளப்பின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது கோட்டுப் போட்டு வருகிறவர்களுக்கே தெரியாது.

"நீங்க ஆடுவீங்களா சார்?"

"ஆடத் தெரியாது. ஆவடி பக்கம் ஆபீசருங்க கிரவுண்டு ஒண்ணு கீதே, அதுல முப்பது வருசம் புல்லு வெட்டிகினு இருந்தேன். போன மாசம்தான் ரிடையர்." கொஞ்சம் தயங்கி, "பாப்பாவுக்கு நொட்டாங்கைப் பழக்கம்" என்றார்.

இடக்கைக் குழந்தைக்கான செட் கிடைப்பது கஷ்டம். கடையில் ஒரே ஒரு செட் இரண்டு வருடமாக விலைபோகாமல் கிடந்தது. ரோஸ் நிறப் பை, மூன்று கிளப். சுவேதா தூசி தட்டிக் கொண்டுவந்தாள். அவர் பட்டரைக் கையில் வாங்கி, அதன் முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கயிற்றின் அளவுக்கு அது அச்சாக இருந்தது. குழந்தைகள் வளர வளர சின்ன செட்டைக் கொடுத்துப் பெரியதை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் உண்டு. அதற்கான அட்டையில் எழுத சுவேதா பெயர் கேட்டாள். அவர் பெயர் வேதமுத்து, திருமுல்லைவாயில்.

"பாப்பா பேரு?"

"ஸ்வீட்லின்" என்றார். அந்தப் பெயரை ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சொல்கிறவர் போல மெதுவாகச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, மறுபடியும் புதன்கிழமை மூன்று மணிக்கு, அந்த ரோஸ் பையோடு வந்து நின்றார்.

"கொழந்தைக்குப் பத்தல மா. குட்டையா போச்சு."

சுவேதா சிரித்தாள். "ரெண்டு வாரத்துல எப்படி சார் பத்தாம போகும்? அன்னிக்கு அளவு தப்பா எடுத்துட்டீங்களா?"

அவர் கயிற்றை நீட்டினார். இரண்டு முடிச்சும் ஒரு சாணுக்கு மேல் ஏறியிருந்தன. சுவேதா பையைத் திறந்து கிளப்பை வெளியே எடுத்தாள். ரப்பர் பிடியில் கட்டைவிரல் படுகிற இடம் குழிந்திருந்தது. ஐயனின் முகத்தில், பந்து படவேண்டிய சரியான இடத்தில், காசு அளவுக்கு இரும்பு தேய்ந்து பளபளத்தது. பையின் அடிப்பாகம் நைந்து, ரோஸ் நிறம் வெளுத்துப்போயிருந்தது. தினமும் ஆடினாலும் இரண்டு மூன்று வருடம் ஆகும் இப்படித் தேய. அட்டையில் இருந்த தேதியைத் திரும்பப் பார்த்தாள். பதினாலு நாள்தான்.

தெருப் பிள்ளைகள் எல்லாம் எடுத்து ஆடியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். ஆனால் பத்துப் பிள்ளைகள் பிடித்தால் பிடி முழுக்கத் தேயும். இது ஒரே விரல் பதிந்த குழி.

பெரிய அளவு செட்டை வரவழைத்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு முதலாளியிடம் சொன்னபோது தமிழ்வாணன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பொண்ணுங்க இருக்கும். சின்னதுக்கு வாங்கினதை மாத்திப் பெரியதுக்கு வாங்குறாரு. விடு."

செப்டம்பரில் அவர் மூன்றாவது முறை வந்தார். இந்த முறை கயிற்றின் மேல் முடிச்சு சுவேதாவின் நெற்றிக்கு வந்தது. திருப்பிக் கொண்டுவந்த செட் முன்னதைவிட மோசமாகத் தேய்ந்திருந்தது. பெரியவர்களுக்கான பெண்கள் செட், இடக்கைக்கு, ஷாஃப்ட் என்கிற தண்டு இலேசாக உள்ளது வேண்டும் என்றார். அதோடு, தரையில் வைக்கிற பயிற்சிக் கண்ணாடி ஒன்றும் எடுத்துக்கொண்டார். பட்டரைப் பிடித்து நிற்கும்போது கண் பந்துக்கு நேர்மேலே இருக்கிறதா என்று அதில் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு சுவேதா மனதாரச் சிபாரிசு செய்கிற இரண்டு மூன்று சாமான்களில் அதுவும் ஒன்று.

ஒரு வாரத்தில் அந்தக் கண்ணாடி மட்டும் திரும்பி வந்தது. தினத்தாளில் முகத்தை உள்பக்கமாக வைத்துச் சுற்றி, சணலால் கட்டியிருந்தார்.

"இது வோணாம் மா. இத வச்சா அவ ஆடவே மாட்டேன்றா."

அவர் படி இறங்கிய பிறகு சுவேதா தாளைப் பிரித்தாள். கண்ணாடி முழுக்க, யாரோ நெருங்கி மூச்சு விட்டது போல மங்கியிருந்தது. துணியால் துடைத்தாள். மங்கல் போகவில்லை. ஸ்பிரே அடித்துத் துடைத்தாள். பிறகு சன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மங்கல் கண்ணாடியின் உள்பக்கத்தில் இருந்தது.

அன்று மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

பயந்தாள் என்று சொன்னால் அது முழுக்கச் சரியாகாது. வேதமுத்துவிடம் பயப்படும்படி ஒன்றுமே இல்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னால்கூட நுனியில்தான் உட்காருவார். ஆனால் தன் கையால் அளவு பார்த்து எடுத்துக்கொடுத்த சாமான் யாருடைய கைக்குப் போகிறது என்று தெரியாமல் இருப்பது அவளை அரித்தது. அடுத்த புதனன்று அவர் பிடியை மாற்ற வந்தபோது கேட்டுவிட்டாள்.

"பெரியவங்க செட்டுக்கு ஆளைப் பார்த்துத்தான் சார் சரி பண்ண முடியும். ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன்."

"அவ வெளிய வரமாட்டா" என்றார். பிறகு ஏதோ கணக்குப் போடுகிறவர் போல அவளையே பார்த்திருந்து, "நீ வேணா ஊட்டுக்கு வா மா. பகல்ல வா" என்றார்.

அக்டோபர் கடைசியில், தன் விடுமுறை நாளில், சுவேதா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திருமுல்லைவாயில் போனாள். மதியம் மழை பெய்து விட்டிருந்தது. ரயில்வே ஸ்டேஷன் தாண்டி, புதுப் புது அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஒரு ஓட்டு வீடு. வேதமுத்துவின் மனைவி லூர்தம்மாள் கதவைத் திறந்தாள். ஒடிசலான உடம்பு, கழுத்தில் ஜெபமாலை. வந்தவளை வா என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல், நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே ஒரு புகைப்படம் இருந்தது. ஏழு வயதுப் பெண் குழந்தை. நடு உச்சி எடுத்த இரட்டைச் சடை. நறுக்கிக் குட்டையாக்கிய ஒரு பழைய இரும்புக் கிளப்பை இடது கைக்காரர்கள் நிற்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது.

"இது..."

"ஸ்வீட்லினு" என்றாள் லூர்தம்மாள். "மூளைக் காய்ச்சல். மூணே நாளு. இருவத்தெட்டு வருசம் ஆச்சு."

சுவேதா வேதமுத்துவைப் பார்த்தாள். அவர் அவளுக்கு எதிரில், சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. டக். சுவேதா அந்தச் சத்தத்தைக் கடையில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். கிளப் முகத்தின் நடுவில் பந்து பட்டு, வலையில் போய் விழுகிற சத்தம். பந்தை எடுத்து வைக்கிற நேரம் கடந்தது. மறுபடியும், டக்.

"யாரு பின்னாடி?" என்று கேட்டாள். 

வேதமுத்து நிதானமாகச் சொன்னார். கிரவுண்டுக்கு அவரோடு வருகிற குழந்தை, ஆபீசர் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து ஏங்கும். உடைந்த கிளப் ஒன்றை அறுத்துக் கொடுத்தார். அது கனமாக இருக்கிறது, எனக்கு நல்லதாக வேண்டும் என்று கேட்டது. வளர்ந்தால் வாங்கித் தருகிறேன் என்றார். அந்த வருடமே போய்விட்டாள். அவர் ரிடையர் ஆன அன்று, ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது அந்த அறுத்த கிளப் கிடைத்தது. கொண்டுவந்து பின்கட்டுக் கொட்டகையில் வைத்தார்.

"மக்யா நாளே சத்தம் வந்துச்சு. எனக்குப் பயம் இல்ல மா. ஆனா சத்தம் தப்பா கீது. நடுவுல பட்டா ஒரு மாதிரி கேக்கும், ஓரத்துல பட்டா ஒரு மாதிரி கேக்கும். அவ கைக்கு அது சேரல. அதான் உங்க கடைக்கு வந்தேன்."

"அளவு... அளவு எப்படி எடுத்தீங்க?"

"தலைக்கு ஒரு வாட்டி, மணிக்கட்டுக்கு ஒரு வாட்டி கதவு இடுக்குல கயித்த வுடுவேன். உள்ள புடிச்சு இழுப்பா. நின்னதும் நான் இங்க முடிச்சு போட்டுப்பேன்."

அவர் எழுந்து பின்கட்டுக்கு நடந்தார். சுவேதா ஏன் அவர் பின்னால் போனாள் என்று பிற்பாடு எவ்வளவோ யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை. சாத்திய மரக்கதவு. வேதமுத்து விரலால் இரண்டு முறை தட்டினார்.

"பாப்பா, கடைலேர்ந்து அக்கா வந்துகீறாங்க."

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் விட்டுக் கதவைத் தள்ளினார்.

உள்ளே யாரும் இல்லை. வெளியே போக வேறு வாசலும் இல்லை. எதிர்ச் சுவரில் கட்டிய வலை ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு பந்து உருண்டு வந்து நின்றது. பச்சை விரிப்பில் இரண்டு பாதம் வைக்கிற இடம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. அவள் விற்ற ஏழாம் நம்பர் ஐயன் விரிப்பின் மேல் கிடந்தது. சுவேதா குனிந்து எடுத்தாள். கிளப்பை எடுத்ததும் பிடியைப் பார்ப்பது அவளுடைய கைப்பழக்கம். பிடி சூடாக இருந்தது. பேருந்தில் ஒருவர் இப்போதுதான் விட்டுவிட்டுப் போன கம்பி இருக்குமே, அந்தச் சூடு.

கிளப்பை மூலையில் நின்ற பையில் திரும்ப வைக்கும்போது, ஜிப்பில் நீளமாக ஒரு தலைமுடி சிக்கியிருந்ததைக் கண்டாள். பாதிக்கு மேல் நரைத்த முடி.

"அது என்னுது இல்ல" என்றாள் லூர்தம்மாள் பின்னாலிருந்து. அவள் கொட்டகைக்குள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, உள்ளே பார்க்காதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தாள். "என் முடி அவ்ளோ நீளம் கெடையாது. ஆகஸ்ட்டுல கருப்பா கெடச்சுது. இப்போ இப்படி. இந்த மனுசனுக்கு அளவு சரியா கீதான்னு மட்டும்தான் தெரியும். நான் ஒண்ணு கேக்குறேன், நீயாச்சும் சொல்லு. நாலு மாசத்துல என் வயசுக்குப் பக்கத்துல வந்துட்டா. இப்படியே போனா பொங்கலுக்குள்ள இன்னா ஆவும்? ஒரு வாட்டி பொதைச்சது பத்தாதா?"

வேதமுத்து குனிந்து பந்தை எடுத்து விரிப்பின் மேல் திரும்ப வைத்தார்.

"கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாள்தான் கீது" என்றாள் லூர்தம்மாள். "வருசா வருசம் போயி மெழுகுவத்தி ஏத்திட்டு வருவேன். இந்த வருசம் நான் யாருக்குப் போயி ஏத்தறது?"

சுவேதா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அம்பத்தூர் வந்து சேர்ந்து, வீட்டில் கை கழுவியபோதும் அந்தப் பிடியின் சூடு உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா ஒரே வார்த்தையில் வேலையை விடச் சொல்வார்.

அடுத்த புதன்கிழமை வேதமுத்து வந்தார். முகம் இறங்கியிருந்தது.

"இன்னும் இலேசா ஏதாச்சும் கீதா மா? வயசானவங்க வச்சுப்பாங்களே, அந்த மாதிரி. கை கொஞ்சம் ஓஞ்ச மாதிரி சத்தம் வருது."

இருந்தது. அலமாரியில் அவள் கை எட்டுகிற தூரத்திலேயே இருந்தது. மூத்தவர்களுக்கான, நன்றாக வளைகிற ஷாஃப்ட் போட்ட செட். சுவேதா அதன் பக்கம் திரும்பவில்லை.

"இல்ல சார்."

"ஆர்டர் போட்டா?"

"போட மாட்டேன்." இவருக்கு எப்படி விளக்குவது? கடையில் பழகுகிறவர்களுக்குச் சொல்கிற மாதிரியே சொல்லலாம் என்று தோன்றியது. "சார், புதுசா பழகுறவங்க எல்லாரும் வலையிலதான் ஆரம்பிப்பாங்க. ஆனா வலையிலேயே எத்தனை நாள் அடிச்சாலும் பந்து எங்க போகுதுன்னு அவங்களுக்குத் தெரியாது. மூணு அடியில நின்னுடும். திரும்ப எடுத்து வைக்கணும், திரும்ப அடிக்கணும். அவ்வளவுதான். உங்க பொண்ணு இப்ப கத்துக்குட்டி இல்ல. அவங்களுக்கு இந்தக் கடையில வாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. வெளிய கூட்டிட்டுப் போங்க."

வேதமுத்து நாற்காலி நுனியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கீழே சாலையில் ஒரு பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று.

"வெளிய வந்தா திரும்ப வருவாளா மா?"

சுவேதா பொய் சொல்லவில்லை. "தெரியாது சார்."

பூந்தமல்லியைத் தாண்டி உள்ளே ஒரு பயிற்சி மைதானம் இருக்கிறது. வரிசையாகக் கூரை போட்ட தடுப்புகள். அதிலிருந்து அடித்தால் எதிரே வெட்டவெளி. சுவேதாவின் வாடிக்கையாளர்கள் பலர் அங்கேதான் போவார்கள். கல்லறைத் திருநாளுக்கு மூன்று நாள் முன்பு, காலை ஏழு மணிக்கு அவள் வாசலில் காத்திருந்தாள். ஆட்டோவில் வந்தார்கள். பின் சீட்டில் வேதமுத்து ஒரு ஓரம், லூர்தம்மாள் மறு ஓரம். நடுவில் பையை வைத்து, அதன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டிருந்தார்கள். லூர்தம்மாள் அந்த இடத்தின் மேல் படாமல் முந்தானையை இழுத்துப் பிடித்திருந்தாள்.

அந்நேரத்தில் மைதானத்தில் வேறு ஆட்டக்காரர்கள் இல்லை. தூரத்தில், எல்லம்மா என்கிற வேலைக்காரப் பெண் தலையில் ஹெல்மெட்டோடு, முந்தின நாள் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேதமுத்து கடைசித் தடுப்பில் பையின் கால்களை விரித்து நிறுத்தினார். ஒரு கூடைப் பந்தைக் கொட்டினார். ஏழாம் நம்பர் ஐயனை எடுத்து விரிப்பின் மேல் படுக்க வைத்தார்.

"பாத்தா ஆட மாட்டா" என்றார்.

மூன்று பேரும் மைதானத்துக்கு முதுகு காட்டி, வண்டி நிறுத்துகிற இடத்துச் சுவரைப் பார்த்து நின்றார்கள். காலை வெயில் சுவருக்கு மேலிருந்து முகத்தில் அடித்துக் கண் கூசியது. லூர்தம்மாளின் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. நேரம் போய்க்கொண்டேயிருந்தது. ஒன்றும் நடக்கப்போவதில்லை என்று சுவேதா நினைத்தாள். அப்படி நினைத்தபோது நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது.

டக்.

பிறகு வெகுநேரம் சத்தமில்லை. வலை இல்லாததால் பந்து எங்கும் மோதவில்லை. அது எங்கே போகிறது, எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள் என்று சுவேதாவுக்குப் புரிந்தது.  திரும்பிவிடாமலிருக்கச் சுவரில் ஒரு காரை பெயர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது. மூன்றாவது. பிறகு இடைவெளி குறைந்தது. ஒவ்வொன்றும் நடுவில் பட்ட சத்தம்.

"இப்போதான் சரியா கீது" என்றார் வேதமுத்து. அவர் கன்னம் நனைந்திருந்தது.

கடைசியில், பையில் கிளப் இறங்குகிற சத்தம். ஜிப் இழுபடுகிற சத்தம். அதன் பிறகு ஒன்றுமில்லை. அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். முதலில் திரும்பியவள் லூர்தம்மாள்.

கூடை காலியாக இருந்தது. பை இல்லை.

வேதமுத்து தடுப்பின் விளிம்பு வரை போய்ப் புல்லைப் பார்த்தார். முப்பது வருடம் புல்லையே பார்த்தவர். ராத்திரிப் பனியில் நனைந்திருந்த புல்லில் ஒரு நடை போன தடம் நேராகப் போயிற்று. அவர் அதைத் தொடர்ந்து போகவில்லை. அங்கேயே நின்றார்.

எல்லம்மா ஒரு வாளிப் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அந்தம்மா யாரு, உங்க கூட வந்தவங்களா? இன்னாமா அடிக்கிறாங்க. அந்தக் கோடி வேலி வரைக்கும் போவுது. பைய தோள்ல மாட்டிகினு என்னைத் தாண்டித்தான் போனாங்க, அந்த மரத்தாண்ட. அந்தப் பக்கம் வழி கெடையாதுன்னு சொன்னேன். கேக்கல."

லூர்தம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி இருந்தா? மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"வெயிலு கண்ணுக்கு நேரா அடிச்சுது மா. மூஞ்சி சரியா தெரியல. ஒசரமா, ஒல்லியா. நட மட்டும் உன்ன மாதிரி."

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு பேரும் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்ததாக வேதமுத்து ஒருநாள் போனில் சொன்னார். கொட்டகையில் சத்தம் இல்லை என்றார். வலையைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார். அதற்கப்புறம் புதன்கிழமை மூன்று மணிக்கு மாடிப்படியில் யாராவது ஏறி வந்தால் சுவேதா தலையை நிமிர்த்துவதை மெல்ல மெல்ல மறந்தாள். நவம்பர் மழையில் கடைக்குள் தண்ணீர் வந்து, கீழ்த்தளச் சாமான்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்குவதிலேயே அந்த மாதம் போயிற்று.

டிசம்பர் நடுவில், கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் விற்கிற கூட்டம் சாலையில் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், லூர்தம்மாள் தனியாக மாடி ஏறி வந்தாள்.

"அவரு வரலையாம்மா?"

"சொல்லல அவராண்ட." மூச்சு வாங்கியது. சுவேதா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "ஒரு செட்டு வேணும்" என்றாள்.

சுவேதா டம்ளரை வாங்கி வைத்தாள். "யாருக்கும்மா?"

"எனக்குத்தான். எனக்கு சோத்தாங்கை. ஒண்ணும் தெரியாது. ஆரம்பத்துலேர்ந்து பழகணும்."

சுவேதா அவளைப் பார்த்தாள். அறுபதை நெருங்கியவள். முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவிய வாசனை. பொழுதுபோக்குக்கு வந்தவள் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"எதுக்கும்மா இப்போ?"

லூர்தம்மாள் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டாள். "அன்னிக்கு அந்த எடத்துல வரிசையா தடுப்பு போட்டிருந்தாங்களே. அதுல எல்லாரும் ஒரே பக்கம் பாத்துகினுதானே நிப்பாங்க?"

"ஆமா. சோத்தாங்கைக்காரங்க எல்லாம் பக்கவாட்டா, ஒரே பக்கம் பார்த்து நிப்பாங்க. ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துக்கிட்டு."

"பக்கத்துத் தடுப்புல நொட்டாங்கை ஆளு நின்னா?"

 சுவேதா மனதுக்குள் இரண்டு பேரை நிறுத்திப் பார்த்தாள். "எதிர்த்தாப்ல நிப்பாங்க" என்றாள். "மூஞ்சிக்கு மூஞ்சி தெரியும்."

"அதான்" என்றாள் லூர்தம்மாள். "நாலு மாசம் என் ஊட்டுப் பின்னாடி இருந்தா. சத்தம்தான் கேட்டேன். ஒரு நாளு திரும்பிப் பாக்கல நானு. பாத்தா ஆட மாட்டான்னு அவரு சொல்லுவாரு. ஆடாட்டி போவுதுன்னு பாத்திருக்கலாம். பயம். அந்த எல்லம்மாவ நாலு வாட்டி போயி கேட்டுட்டேன். காலைல ஏழு மணிக்கு, ஆளில்லாதப்ப, கடைசித் தடுப்புல சத்தம் கேக்குதுன்றா. நானும் ஆடிகினு இருந்தா, பாக்க வந்தவன்னு நெனைக்கமாட்டால்ல."

சுவேதா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வெட்டவெளியும், பனிப் புல்லில் நேராகப் போன தடமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. வழியில்லாத பக்கம் நடந்து போனவள் பின்னால் இந்தம்மாவும் ஒருநாள் பையை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டால்? கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் லூர்தம்மாள் அதையெல்லாம் யோசிக்காமல் மாடி ஏறியிருக்க மாட்டாள் என்று அந்த முகம் சொல்லியது.

டேப்பை எடுத்து, மண்டியிட்டு, தரையிலிருந்து அவள் மணிக்கட்டு வரை அளந்தாள். விரல்கள் குச்சியாக இருந்தன. ஒல்லியான பிடி போதும். ஏழாம் நம்பர் ஐயன், ஒரு வெட்ஜ், ஒரு பட்டர். இருப்பதிலேயே இலேசான பையை எடுத்து, தோளில் மாட்டிப் பார்க்கச் சொன்னாள். பையின் இரண்டு வாரையும் தோளில் போட்டால் முதுகில் கனம் சமமாக இறங்கும் என்று காட்டிக்கொடுத்தாள். பிறகு கடையின் பயிற்சி விரிப்பில் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு கையையும் பிடியில் சேர்த்து வைத்துவிட்டாள்.

"முட்டியைக் கொஞ்சம் மடிச்சுக்கோங்க. தோளை விடுங்க. ம், அப்படித்தான்."

லூர்தம்மாள் நின்றாள். முதல் நாளே இவ்வளவு அசையாமல் நிற்கிறவரை சுவேதா பார்த்ததில்லை. கிளப் தரையில் பந்துக்குப் பின்னால் சரியாகப் படிந்திருந்தது. ஆனால் தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. கண் பந்தின் மேல் இல்லை. எதிரே, வெறும் சுவர் இருக்கிற இடத்தில், ஓர் ஆள் உயரத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

பந்தைப் பாருங்க என்றுதான் யாருக்கும் முதலில் சொல்ல வேண்டும். சுவேதா சொல்லவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்து, அடிக்க இடம் விட்டு நின்றாள்.